பனங்கிழங்கு மாவு நார் நாராக நிற்கிறது, வீட்டிலேயே நைசாக அரைக்க என்ன வழி?

பனைவீடு (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் வணக்கம். தை பிறந்ததிலிருந்து வீட்டில் பனங்கிழங்கு குவிந்து கிடக்கிறது. ஆடி, ஆவணியில் பொறுக்கிய கொட்டைகளை அப்பா பாத்தி போட்டிருந்தார், நல்ல விளைச்சல். அவித்துத் தின்றது போக மீதியை மாவாக்கி வைத்தால் பிள்ளைகளுக்குக் கூழ், புட்டு என்று பல மாதம் ஓடுமே என்று ஆசை. வழக்கம்போல மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தோம். தோலை உரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து மாடியில் காயவைத்தோம். நன்றாக இறுகியும்விட்டது.

மிக்ஸியில் போட்டால்தான் சிக்கல். கொஞ்சம் மாவு, கொஞ்சம் குருணை, மீதியெல்லாம் பஞ்சு பஞ்சாக நார். மூடியின் உள்பக்கம் ஆவி படிந்து மங்கலாகிறது. பிளேடுக்கு அடியில் மாவு அப்பிக்கொள்கிறது. மோட்டார் சூடேறி நின்றுவிடுகிறது. எங்களிடம் இருப்பது 500 வாட் மிக்ஸி. பெரிய மிக்ஸி வாங்கினால் சரியாகுமா, இல்லை அந்த ஹை ஸ்பீடு பவுடர் மிஷின்தான் வாங்க வேண்டுமா? கடையில் விற்கிற கிழங்கு மாவு மைதா மாதிரி இருக்கிறதே, அது எப்படி?

அலைவாய்க்கரை (பாம்பன்)

அக்கா, 500 வாட் இதுக்குத் தாங்காது. 750 வாட்டாவது வேணும். எங்க வீட்டுல சுக்கு, மஞ்சள் எல்லாம் அதுலதான் அரைக்கிறோம். சின்ன ஜார்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போடாதீங்க. விட்டு விட்டு ஓட்டுங்க.

பனங்காட்டுப் பாட்டி (சாயல்குடி)

மிஷினை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல தாயி. கிழங்கை நீளவாக்குல கிழிச்சுக் காயவச்சீக பாருங்க, சிக்கல் அங்க இருக்கு. பனங்கிழங்குல நாரு அடியிலருந்து நுனி வரைக்கும் ஓடும். நீளமா கிழிச்சா நாரும் அதே நீளத்துக்கு நிக்கும். எந்தப் பிளேடு வந்தாலும் அதைச் சுத்திவிடுமே தவிர வெட்டாது.

அவிச்சு ஆறுன கிழங்குல தோலு, நடுக்குருத்து ரெண்டையும் எடுத்துட்டுக் குறுக்கால அரியணும். பொரியலுக்கு வெண்டைக்கா அரியிறதைவிட மெல்லிசா, வட்டம் வட்டமா. அருவாமனையில உக்காந்து அரிஞ்சாத்தான் ஒரே சீரா வரும். வட்டம் எம்புட்டு மெல்லிசோ, மாவுல நாரு அம்புட்டு நீளம்தான் இருக்க முடியும். காஞ்ச பெறகு அரிய முடியாது, கத்தி வழுக்கிக் கையில பட்டுரும். ஈரமா இருக்கையிலயே அந்த வேலையை முடிச்சிரணும்.

இன்னொண்ணு. மாவுக்கு அவிக்கிற கிழங்குல உப்பு போடாதீக. திங்கிறதுக்கு அவிக்கையில போட்டுக்கங்க. உப்பு பட்டது கடக்கரை வீட்டுல காயவே காயாது. பகல்ல காஞ்சது ராத்திரியில வேர்த்துப்போகும். மஞ்சப்பொடி போடலாம், அது ஒண்ணும் பண்ணாது.

பனைவீடு (தங்கச்சிமடம்)

பாட்டி, உப்பு விஷயம் இதுவரை யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. ஏற்கெனவே கிழித்துக் காயவைத்தது ஒரு சாக்கு இருக்கிறது. அதை என்ன செய்யலாம்?

பனங்காட்டுப் பாட்டி (சாயல்குடி)

ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு ஆவியில வேகவச்சா இளகி வரும். உப்பும் பாதி எறங்கிரும். பெறகு குறுக்கால அரிஞ்சு காயப்போடுங்க. அம்புட்டு வேலை முடியாதுன்னா உரல்ல போட்டு உலக்கையால இடிச்சு, விழுற மாவைச் சலிச்சு எடுத்துக்கிட்டு நாரை மாட்டுத்தொட்டியில போட்டுருங்க. உலக்கை நாரைக் கடிக்காது. மாவை மட்டும் நாருலருந்து பிரிச்சுவிடும். அதுக்காகத்தான் எங்க காலத்துல கிழங்கை உரல்ல இடிச்சாக.

உணவியல் மாணவி (ராமநாதபுரம்)

பாட்டி சொன்ன இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பொருள் பொடியாக வேண்டுமானால் முதலில் அது உடைய வேண்டும். ஈரம் இருக்கிறவரை தாவரத் திசு வளையும், நசுங்கும், இழுபடும், ஆனால் உடையாது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் கையால் மடக்கினால் 'டக்'கென்று ஒடிகிற பதம் வருகிறது. உங்கள் மிக்ஸி மூடியில் படிந்த மங்கல் வேறெதுவும் இல்லை, கிழங்குக்குள் மிச்சமிருந்த ஈரம் பிளேடின் சூட்டில் ஆவியாகி மூடியில் ஒட்டியது. அந்த ஈரம்தான் மாவைப் பிளேடுக்கு அடியில் அப்பவைத்ததும். மூடி மங்கினால் அரைப்பதை நிறுத்திவிட்டு மறுபடி காயவைக்க வேண்டும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

அவித்த கிழங்கு, பச்சையாகக் காயவைத்த கிழங்கைவிடக் கடினமாக இறுகும். வேகும்போது ஸ்டார்ச் (மாவுச்சத்து) பசையாகி, காயும்போது கண்ணாடித் தன்மையோடு உறைகிறது. புழுங்கலரிசி பச்சரிசியைவிட உரமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டாகக் கிழித்த தடிமனான துண்டில் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். மெல்லிய வட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை.

நாரும் ஸ்டார்ச்சும் ஒரே அடியில் உடைவதில்லை. ஸ்டார்ச் முதலில் மாவாகிக் கீழே தங்கும். லிக்னின் என்கிற மரத்தன்மை தரும் பொருள் ஏறிய நார் இலேசாக மேலே சுற்றிக்கொண்டிருக்கும். தொடர்ந்து ஓட்டினால் ஏற்கெனவே மாவானதுதான் மேலும் சூடாகும், நாருக்கு அடி விழாது. அதனால் அரை நிமிடம் ஓட்டி, சலித்து, மேலே நிற்பதை மட்டும் திரும்பப் போடுவதே சரி. கடை மாவு மைதா மாதிரி இருப்பதற்கும் இந்தச் சலிப்புதான் முக்கியக் காரணம், மிஷின் இரண்டாவதுதான்.

உச்சிப்புளி மாவு மில்

தங்கச்சி சொல்றது சரி, ஆனா மில்லை ஒதுக்கிற வேண்டாம். நாங்க ஓட்டுறது பல்வரைசர். உள்ள சுத்தியல் மாதிரி தகடுக சுத்தும், அடியில ஓட்டை போட்ட சல்லடைத் தகடு. ஓட்டைக்குள்ள போற அளவுக்கு உடையுற வரைக்கும் சரக்கு உள்ளயே அடி வாங்கிக்கிட்டு இருக்கும். அதனால நாரும் தப்பிக்காது. மிக்ஸியில அந்தச் சல்லடை இல்ல, அதான் நீங்க கையால சலிச்சுச் சலிச்சுப் போட வேண்டியிருக்கு.

மில்லுக்கு வர்றவுகளுக்கு மூணு விஷயம் சொல்லுவேன். கல் மில்லுல கிழங்கு, வேரு, கடுக்காய் எதையும் கொடுக்காதீக, நாரு கல்லுல சுத்திக்கிட்டு சூடாகிக் கருகிரும். ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு கொண்டுவந்தா மிஷினுக்குள்ள ஒட்டிக்கிறதே உங்களுக்கு நட்டமாயிரும். மாசி, பங்குனியில முண்டு மிளகாய் எறங்கிருச்சுன்னா எங்க மிஷினு பூரா காரம்தான். அப்ப வந்தா அரிசியை ஓட்டித் தள்ளிட்டுத்தான் உங்க சரக்கைப் போடணும், அப்பவும் வாசம் முழுசா போகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு உள்ளதுன்னா கடை திறந்ததும் முதல் ஆளா வாங்க, இல்லன்னா மிளகாய் வர்றதுக்கு முந்தி தையிலயே முடிச்சிருங்க.

பனைவீடு (தங்கச்சிமடம்)

எங்களிடம் இருக்கிற அளவுக்கு மில்தான் சரி என்று தோன்றுகிறது அண்ணே. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக அரைத்துக்கொள்ள வீட்டு வழியும் தெரிந்திருக்க வேண்டும். காயவைப்பதிலேயே எனக்குக் குழப்பம் இருக்கிறது. எங்கள் வீடு கடலை ஒட்டி. சாயங்காலம் மாடியிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருப்பது, காலையில் பார்த்தால் தளர்ந்துவிடுகிறது.

உணவியல் மாணவி (ராமநாதபுரம்)

> காலையில் பார்த்தால் தளர்ந்துவிடுகிறது

அக்கா, உங்களுக்கும் கரையோரத்தில் இருக்கிற எல்லாருக்கும் இதுதான் தலையாய விஷயம். காய்ந்த மாவுப்பொருள் காற்றிலிருக்கும் ஈரத்தோடு சமநிலைக்கு வரும்வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரவுக் காற்று ஈரமாக இருந்தால் பகலில் போனது பாதி திரும்ப வந்துவிடும். உப்பு கலந்திருந்தால் இன்னும் வேகமாக வரும், ஏனென்றால் கல்லுப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் உப்புகள் ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை.

தராசில் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பலரும் எழுதுவார்கள். மதுரை மாதிரி உலர்ந்த ஊரில் அது ஓரளவு சரி. நமக்கு அது போதாது. எடை நின்றது, வெளிக்காற்றின் ஈரத்தோடு சமமாகிவிட்டதால்கூட இருக்கலாம். அதனால் கடைசிக் கட்டத்தை வெயிலிடம் விடாமல் அடுப்பில் முடியுங்கள். இரும்புச் சட்டியைச் சிறுதீயில் வைத்து, நிறம் மாறாமல், ஒரு துண்டு எடுத்து ஆறவிட்டு ஒடித்தால் சத்தம் வருகிறவரை புரட்டுங்கள். ஆறவைப்பதும் மூடிபோட்ட பாத்திரத்தில்தான். ஆறியதும் உடனே அரைத்துவிட வேண்டும். அடுத்த நாளுக்கு என்று வைத்தால் பட்ட பாடு வீண்.

கடலோர அம்மா (பெரியபட்டினம்)

நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் தார்ப்பாயில் காயவைத்தால் அடியில் வேர்க்கும். கயிற்றுக் கட்டிலில் ஓலைப்பாய் விரித்து, அதன்மேல் பரப்பி, பழைய வேட்டியால் மூடிக் கட்டிவிடுவோம். மணலும் விழாது, அடியிலும் காற்றுப் போகும். வெயில் ஏறி பத்து மணிக்குப் போட்டு, கடல்காற்று குளிர ஆரம்பிப்பதற்கு முன்னால் மூன்றரை, நாலுக்கெல்லாம் எடுத்து எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடிவிட வேண்டும். இரவில் சுளகில் திறந்து வைக்கவே கூடாது.

இதே முறையில்தான் முருங்கைக் கீரையும். காம்பை முழுக்க உருவி எறிந்துவிட்டு இலையை மட்டும் நிழலில் காயவைத்தால் ஒரே சுற்றில் பொடியாகிவிடும். காம்பு கலந்தால் எத்தனை சுற்று ஓட்டினாலும் குச்சி குச்சியாக நிற்கும்.

ஒடியல் (மண்டபம்)

நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப இஞ்ச மண்டபத்திலதான் கனகாலமா இருக்கிறன். எங்கட பக்கத்தில பச்சைக் கிழங்கைக் கிழிச்சுக் காயவைச்சா ஒடியல், அவிச்சுக் காயவைச்சா புழுக்கொடியல். ரெண்டிலயும் மா எடுக்கலாம். ஒடியல் மா இடிக்கச் சுகம், ஏனெண்டா அவிக்காததால அவ்வளவு வைரம் பாயாது. ஆனா அதில கசப்பிருக்கு. கூழுக்குப் போட முன்னம் மாவைத் தண்ணியில கரைச்சு அடைய விட்டு, மேல தெளியிற தண்ணியை ஊத்திப்போட்டு, திரும்பவும் தண்ணி விட்டுத் தெளிய வைக்கோணும். தும்பும் (நாரும்) மிதந்து அந்தத் தண்ணியோட போயிடும். அரிதட்டால (சல்லடையால) அரிச்சுக் களைக்கிற ஆக்களுக்கு இது நல்ல வழி. அடியில படியிற மா சரியான பசுந்தா இருக்கும்.

சின்னப் பிள்ளையளுக்கு எண்டா அவிச்ச கிழங்கு மாதான் குடுங்கோ. பச்சை ஒடியல் மாவை ஊற வைக்காமல், வடிக்காமல், வடிவா வேக வைக்காமல் ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம்.

பனைவீடு (தங்கச்சிமடம்)

தண்ணீரில் தெளியவைத்து நார் பிரிப்பது அருமையான யோசனை அண்ணா. கூழுக்கு என்றால் மாவை மறுபடி காயவைக்க வேண்டிய வேலையும் இல்லை, அப்படியே அடுப்பில் ஏற்றிவிடலாம்.

சித்த மருந்தாளுநர் (கீழக்கரை)

நல்ல இழை. கிழங்கோடு நிற்காமல் வேர், பட்டை, காய் அரைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். வீட்டில் சூரணம் (மருந்துப் பொடி) செய்கிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

முதலில், எதை அரைப்பது எதை எறிவது என்று தெரிய வேண்டும். சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்வது அரைக்கிறவருக்கும் உதவுகிற சொல். சுக்கின் தோலைச் சீவி எடுங்கள். கடுக்காயைக் கல்லில் வைத்துத் தட்டி, உள்ளே இருக்கும் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். மிக்ஸி பிளேடை உடைப்பதும் அந்தக் கொட்டைதான். நன்னாரி வேரை இலேசாகத் தட்டினால் மேல்பட்டை கழன்று வரும், நடுவிலிருக்கும் கட்டை நரம்பை நீக்குங்கள், மணமும் குணமும் பட்டையில் இருக்கிறது. விரலி மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு போன்றவற்றை முழுசாக மிக்ஸியில் போடவே கூடாது. இரும்பு உரலில் தட்டிப் பட்டாணி அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மிக்ஸி. அதிமதுரமும் வெட்டிவேரும் நாரின் உச்சம். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் கூடியவரை பொடிசாக நறுக்கிக்கொள்ளுங்கள். பாட்டி கிழங்குக்குச் சொன்ன நியாயம்தான் இதற்கும்.

மேலே ஒருவர் நாரை மாட்டுக்குப் போடச் சொன்னார். உணவுக்கு அது சரி. மருந்துக்கு அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வேரில் எளிதில் பொடியாகும் பகுதியும் எளிதில் பொடியாகாத பகுதியும் ஒரே குணமுடையவை அல்ல. முதல் சலிப்பில் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிந்தால் நீங்கள் கொடுப்பது அந்த வேரின் ஒரு பாகம்தான். எறிய வேண்டியதை அரைக்கும் முன்பே எறியுங்கள். அரைக்க எடுத்தது முழுவதும் துணி வழியாக இறங்கி வஸ்திரகாயமாக வேண்டும், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க வேண்டும்.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் நிலாவாரை பயிராகிறது, வீட்டில் அதைப் பொடிப்பவர்களும் உண்டு. அந்த இலைத் தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கிறவர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவம் அறிந்த விஷயம். சீயக்காய், அரப்புத் தூசியும் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் போடுங்கள். அரைத்து முடித்ததும் மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள், தூசி அடங்கும், மாவும் வீணாகாது. இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை வெளித்திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைவாய்க்கரை (பாம்பன்)

காக்கா (அண்ணே), கிராம்பு, ஏலக்காய் மாதிரி எண்ணெய் உள்ள சரக்கை ஃப்ரீசர்ல வச்சு எடுத்து அரைச்சா நல்லா பொடியாகும்னு கேள்விப்பட்டேன். கிழங்குக்கும் அப்படிச் செய்யலாமா?

சித்த மருந்தாளுநர் (கீழக்கரை)

எண்ணெய்ச் சரக்குக்கு அது நல்ல வழிதான் தம்பி. குளிரில் அது ஒடியும் பதத்துக்கு வரும், வாசனை எண்ணெயும் சூட்டில் பறக்காது. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஒரு ஆபத்து இருக்கிறது. குளிர்ந்த சரக்கை வெளியே எடுத்த நொடியில் அதன்மேல் நீர் படியும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்க வேண்டும், எடுத்ததும் நேரே ஜாரில் கொட்டி மூடி அரைத்துவிட வேண்டும், பொடியும் மூடிய ஜாரிலேயே அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். கிழங்கில் எண்ணெய் கிடையாது, ஈரம்தான் அதற்குப் பகை. அதை ஃப்ரீசரில் வைப்பதால் லாபம் இல்லை, நீர் படிந்து நட்டம்தான் வரும்.

மிக்ஸி பட்டறை (ராமநாதபுரம்)

சர்வீஸ்க்கு வர்ற மிக்ஸியில பாதி இந்த மாதிரி வேலையில அடிபட்டு வர்றதுதான். அதனால பட்டறைப் பக்கத்துலருந்து கொஞ்சம் சொல்றேன்.

மோட்டார் சூடாகி நின்னா அடியில இருக்கிற சிவப்பு பட்டன் துள்ளியிருக்கும். அது உங்க மோட்டாரைக் காப்பாத்துற ஓவர்லோடு சுவிட்ச். ஆறுறதுக்கு முன்னாடி அழுத்தி அழுத்தி ஓட்டுனீங்கன்னா உள்ள இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) எரிஞ்சிரும். மிக்ஸியில 30 நிமிஷம் ரேட்டிங்னு போட்டிருக்கிறது, இடைவெளி விட்டு விட்டு ஓட்டுறதுக்கான கணக்கு. கடினச் சரக்குக்கு அதையும் நம்ப வேண்டாம். அரை நிமிஷம் ஓட்டு, ரெண்டு நிமிஷம் சலி, இப்படிப் போனா மிக்ஸி எத்தனை வருஷமானாலும் நிக்கும். சலிக்கிற நேரம்தான் மோட்டாருக்கு ஓய்வு, தனியா காத்திருக்கவே வேண்டாம்.

500 வாட்டா 750 வாட்டாங்கிறதைவிட ஜாரும் பிளேடும் முக்கியம். சட்னி ஜார்ல, இல்லன்னா பொடிக்குன்னே வர்ற டிரை ஜார்ல அரைங்க. பெரிய ஜார்ல சரக்கு பறந்து பக்கவாட்டுல ஒட்டிக்கும், பிளேடுகிட்டயே வராது. கரையோரத்து வீடுகள்ல பிளேடு மழுங்குறதுக்கு முன்னாடி ரிவிட்டும் புஷ்ஷும் துருப்பிடிச்சு ஆட்டம் கொடுக்குது. கழுவுனதும் துடைச்சு, கவுத்து வைக்காம மல்லாத்திக் காயவைங்க. பிளேடு ஆடுனா அதை வச்சு வேர் அரைக்காதீங்க, கழண்டு மூடியில அடிக்கும். சாணை பிடிக்கிறதும் வேண்டாம், ஒரு பக்கம் தேய்ஞ்சா ஜார் உதறும். புதுப் பிளேடு மாத்திருங்க.

ஹை ஸ்பீடு பவுடர் மிஷின் பத்திக் கேட்டிருந்தீங்க. கடுக்காய்த் தோல், மஞ்சள், சுக்குக்கெல்லாம் அது உண்மையிலேயே நல்லா வேலை செய்யுது. ஆனா சில நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து ஓடாது, சரக்கும் சீக்கிரம் சூடாகும். ஈரச் சரக்கைப் போட்டா உள்ளயே களியாகி இறுகிக்கும். திறக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டிருங்க, சுவிட்ச்சை மட்டும் நம்பாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கிழங்கு அரைக்கிறதுக்காக அதை வாங்கச் சொல்லமாட்டேன். மருந்துப் பொடி செஞ்சு விக்கிறவங்க வாங்கலாம்.

கடலோர அம்மா (பெரியபட்டினம்)

பாசியைப் பற்றி யாராவது சொல்வீர்களா? கரையில் ஒதுங்குகிற கட்டக்கோரைப் பாசியை அள்ளிவந்து காயவைத்துப் பொடித்துச் செடிக்குப் போடலாம் என்று நினைக்கிறேன். மொறுமொறுவென்று காய்ந்தாலும் மறுநாள் தோல் மாதிரி ஆகிவிடுகிறது.

உணவியல் மாணவி (ராமநாதபுரம்)

அம்மா, அதில் கடலுப்பு முழுசாக இருக்கிறது, அதுதான் ஈரத்தை இழுக்கிறது. நல்ல தண்ணீரில் நன்றாக அலசி உப்பைப் போக்கிய பிறகு காயவையுங்கள். அலசாமல் போட்டால் செடிக்கும் உப்பு ஏறும். பாசியில் ஈரத்தைப் பிடித்து வைக்கிற பசையும் உண்டு என்பதால் அலசிய பிறகும் அன்றைய உச்சி வெயிலிலேயே நொறுக்கிவிட வேண்டும். உரத்துக்கு நைஸ் தேவையில்லை, சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்தாலே போதும்.

பனைவீடு (தங்கச்சிமடம்)

பாட்டி சொன்னபடி ஊறவைத்து, ஆவியில் வைத்து, அம்மாவும் நானும் உட்கார்ந்து குறுக்கால அரிந்தோம். பெரியபட்டினத்து அம்மா சொன்ன மாதிரி கட்டிலில் ஓலைப்பாய். கடைசியில் இரும்புச் சட்டி. அதே 500 வாட் மிக்ஸிதான், மூடியில் ஆவி இல்லை, அடியில் அப்பவும் இல்லை. முதல் சலிப்பிலேயே பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அப்பா கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பாத்தி போடலாம் என்கிறார்.

இரண்டு கேள்வி பாக்கி. வீட்டில் இருப்பது கோதுமை மாவு சலிக்கிற சல்லடை. அதைவிட நைஸ் வேண்டுமென்றால் எதைக் கேட்டு வாங்குவது? மாவு எத்தனை நாள் தாங்கும்?

உணவியல் மாணவி (ராமநாதபுரம்)

சல்லடையை மெஷ் எண் (ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்கிற கணக்கு) சொல்லிக் கேளுங்கள் அக்கா. 60 மெஷ் என்றால் கண்ணின் அளவு சுமார் 250 மைக்ரான், புட்டுக்கும் களிக்கும் அது போதும். 80 மெஷ் சுமார் 180 மைக்ரான், குழந்தைக் கூழுக்கு இது சரி. 100 மெஷ் 150 மைக்ரான், முகப்பூச்சு, குளியல் பொடிக்கு ஆகும். எடுத்த எடுப்பில் 100இல் சலிக்காதீர்கள், கண் அடைத்துக்கொள்ளும். 60இல் சலித்து, விழுந்ததை மட்டும் 80இல் சலியுங்கள். சல்லடை கிடைக்காவிட்டால் துவைத்துக் காய்ந்த மெல்லிய மல் துணியை டப்பா வாயில் கட்டித் தட்டினால் போதும்.

சித்த மருந்தாளுநர் (கீழக்கரை)

சூரணத்துக்கு மூன்று மாதம் என்பது எங்கள் கணக்கு. பொடி நைசாக ஆக, காற்றுப் படுகிற பரப்பு கூடுகிறது, வாசனையும் குணமும் வேகமாகப் போகிறது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் அரைத்துக் குவிக்க வேண்டாம் என்பேன். காய்ந்த வட்டங்களாகவே இறுக மூடிய டின்னில் வைத்துக்கொண்டு, தேவைக்கு அரைப்பது நல்லது.

பனங்காட்டுப் பாட்டி (சாயல்குடி)

காக்கா சொல்றதுதான் சரி. வட்டமா இருக்கிறது பங்குனி, சித்திரை வெயில்ல மறுபடி ஒரு காய்ச்சல் காட்டி வச்சா ஐப்பசி மழை வரைக்கும் ஒண்ணும் ஆகாது. மாவா இருந்தா வண்டு விழுந்துரும். டின்னை மாசம் ஒருக்கா திறந்து ஒரு வட்டத்தை ஒடிச்சுப் பாருங்க தாயி. சத்தம் வரலைன்னா அன்னைக்கே வெயில்ல போடுங்க. சலிச்சு நின்ன குருணையை வீசிராதீக, ராத்திரி ஊறவச்சு அரிசியோட சேத்துக் கஞ்சி வச்சா வயித்துக்கு நல்லா இருக்கும், தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டுக்கங்க.